விரலின் நேரம்

1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த மின்சாரப் பேஸ் கிதாருக்குத் துல்லியம் எனப் பொருள்படும் ‘பிரிசிஷன்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. அதன் கழுத்தில் பதித்த மெட்டுகள் சுரம் பிசகாது காத்தன. காலம் பிசகாது காப்பது யார்? வாசிப்பவனே!

அடிச்சுரம் பிந்தினால் பாட்டே தள்ளாடும். அவையோர் குறையை உணர்வர், குற்றவாளியை அறியார். அறிந்தவன் வாசித்தவன். ‘எவர் கண்டார்?’ என மறைப்பது கோழைமை. மேடையிலேயே வெதும்புவது பேதைமை. வெதும்பும் நொடியில் அடுத்த தாளமும் தவறும். மனத்தில் குறித்துக்கொண்டு தொடர்தலே அறிவுடைமை.

கச்சேரி முடிந்தபின் ஒலிப்பதிவைக் கேட்கட்டும். அது முகத்துதி அறியாத சாட்சி!

‘நேரம் சரியில்லை’ என்பான் சோதிடன். ஆம், சரியில்லைதான், கோளின் நேரமன்று, விரலின் நேரம்! கோளைப் பழிப்பவன் திருந்தான். விரலைத் திருத்துபவன் வெல்வான்.

ஊரைத் திருத்தப் புறப்பட்ட தோழனே! உன் பிழையை உன் செவி முதலில் கேட்கட்டும்.