ஏறிவிட்டால் போதுமா?

நண்பரின் வீட்டுச் சாமான்களோடு கூடலூரிலிருந்து நிலம்பூர் கிளம்பினோம். வண்டி, 'குட்டி யானை'. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு நம் ஜனங்கள் வைத்த செல்லப் பெயர். சுமார் 700 சி.சி. இன்ஜின், முக்கால் டன் பாரம். அவ்வளவுதான் அதன் ஜாதகம்!

நாடுகாணியில் டீ குடிக்க நிறுத்தினால், நண்பரின் உறவினர் ஒரு மர பீரோவோடு காத்திருந்தார்.

"இதையும் போட்டுக்கங்க தம்பி."

டிரைவர் மறுத்துவிட்டார். "இதுக்கே முக்கால் டன் ஆச்சு சார்."

"இவ்வளவு தூரம் ஜம்முனு இழுத்துச்சே... இனிமே இறக்கம்தானே?" என்றேன்.

"அதனாலதான் சார் முடியாது. ஏத்தத்துல பாரம் ஜாஸ்தியானா வண்டி நின்னுடும். இறக்கத்துல ஜாஸ்தியானா பிரேக் சூடேறி, வண்டி நிக்காது!"

பி.காம். படித்த எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. கடன் வாங்கும்போதும் நாம் 'இழுக்க முடியுமா?' என்றுதானே கணக்குப் போடுகிறோம்? வேலை போனால் எதை மிதித்து நிறுத்துவது?

மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். முறிவது நம் அச்சு மட்டும் என்றால், 'என் வண்டி, என் இஷ்டம்' எனலாம். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்கள், நம் பாரத்துக்கு ஜாமீன் கையெழுத்தா போட்டார்கள்?

அதிக பாரத்துக்கு 2019 சட்டத் திருத்தம் சொல்லும் அபராதம் 20,000 ரூபாய். அந்த டிரைவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மறுநாள் தனி வாடகை கொடுத்து பீரோவை இறக்கினோம். கொஞ்சம் வலித்தது. முகம் தெரியாத அந்த பஸ்காரர்களுக்கு நான் தர வேண்டிய பாக்கி அது.