அரத்தை எடுக்கும் முன்

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீள்குழல் ரைபிளில், முன்குறி என்பது குழல் நுனியில் நிற்கும் ஒரு சின்னத் தகடுதான். குண்டு இலக்குக்குக் கீழே பட்டால் அந்தத் தகட்டை அரத்தால் ராவித் தாழ்த்த வேண்டும். பக்கவாட்டில் விலகினால், குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாகப் பின்குறியைத் தட்டி நகர்த்த வேண்டும். விதி இவ்வளவே. எப்போது திருத்தக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் நாளாகும்.

இன்றைய துப்பாக்கிக்குத் தோட்டா தொழிற்சாலையிலிருந்து வருகிறது. இந்த ரைபிளைப் போல வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்குச் சுடுபவரின் கையே தொழிற்சாலை. கரிமருந்தை அளந்து கொட்டுவதும், எண்ணெய் தோய்த்த துணியில் ஈய உருண்டையைப் பொதிந்து கோலால் இறக்குவதும் ஒவ்வொரு சூட்டுக்கும் புதிதாக நடக்கிறது. மருந்தின் அளவு மாறினால் குண்டு வேறிடம் போகும். கோலை அழுத்தும் பலம் மாறினாலும் அப்படியே. உருண்டைக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் குழலே வெடிக்கக்கூடும். போதாததற்கு, எரிந்த கரிமருந்தில் பாதிக்கு மேல் திடக் கழிவாகவே மிஞ்சுகிறது. அது உள்ளே படிந்து ஈரத்தை இழுக்கும். துடைக்காமலே சுட்டுக்கொண்டிருந்தால், முதல் குண்டு போன குழலும் ஐந்தாவது குண்டு போகும் குழலும் ஒன்றல்ல.

சுட்டு முடித்ததும் எல்லோரும் இலக்குத் தாளைத்தான் பார்க்கப் போகிறார்கள். வழியில் தரையில் கிடக்கும், உருண்டையைப் பொதிந்த அந்தத் துணித்துண்டைக் குனிந்து எடுத்துப் பாருங்கள் என்பேன். நடுவில் கருவட்டம், ஓரத்தில் பிசிறு, ஓட்டை இல்லை என்றால் கெட்டித்தது சரி. நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிது, அல்லது எண்ணெய் போதவில்லை. கத்தியால் கீறியதுபோல் வெட்டு இருந்தால் குழலின் வாயோ, உள்ளே வெட்டிய சுழல்வரியின் விளிம்போ கூராக இருக்கிறது. இவற்றில் எதையும் முன்குறியை ராவித் தீர்க்க முடியாது.

1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் விக்டோரியா அரசி சுட்டதும் வாய்வழி கெட்டிக்கும் ரைபிள்தான். பொறியாளர் விட்வொர்த்தின் அறுகோணக் குழல் கொண்டது. 400 கஜத்தில், மையத்துக்கு இரண்டு அங்குலத்துக்குள் குண்டு பட்டது. அசையாத தாங்கியில் முன்பே பொருத்திவைத்த ரைபிள் அது. அரசி விசையில் கட்டிய கயிற்றை இழுத்தார், அவ்வளவே. அந்தக் குறி, அவர் வருவதற்கு முன்பே முடிந்துபோன வேலை.

மூன்று குண்டுகள் இடப்பக்கம் ஆறு அங்குலம் தள்ளி, ஓர் உள்ளங்கைக்குள் அடங்கி விழுந்தால் நான் மகிழ்வேன். ஒன்று நடுப்புள்ளியிலும் மற்ற இரண்டு திசைக்கொன்றாகவும் விழுந்தால் கவலைப்படுவேன். நிலையான பிழைக்குத் திசை உண்டு, அளவு உண்டு, ஆகவே திருத்தமும் உண்டு. சிதறலில் எதைப் பிடித்துத் திருத்துவது? நம்மை நாமே திருத்திக்கொள்ள முனையும்போதும் இதையே மறக்கிறோம். ஒரு நாள் சறுக்கினால் வழியை மாற்றுகிறோம், மறுநாள் சறுக்கினால் மறுபடி மாற்றுகிறோம். உண்மையில் எந்தப் பக்கம் விலகுகிறோம் என்று தெரிய, கொஞ்ச காலமாவது ஒரே சீராக நடந்து பார்த்திருக்க வேண்டும்.

புதிதாகக் கெட்டிக்கப் பழகுகிறவர்கள் 25 கஜத்தில் தொடங்குங்கள். மருந்தளவை மாற்றாதீர்கள். ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் குழலைத் துடையுங்கள். மூன்று குண்டும் சேர்ந்து விழும்வரை அரத்தை எடுக்காதீர்கள். அதிகம் ராவிவிட்டால் புது முன்குறிதான் பொருத்த வேண்டியிருக்கும்.