அலையும் துகளும், உருவமும் அருவமும்

இறைவன் உருவம் உடையவனா, அற்றவனா? அன்பர்கள் ஓயாமல் எழுப்பும் ஐயம் இது. பூஜையறையில் விக்கிரகத்தின் முன் கண்ணீர் பெருகுகிறது. அத்வைத நூலைத் திறந்தாலோ, ‘இத்தனையும் கற்பனைதானோ?’ என்று மனம் கலங்குகிறது.

இயற்பியலும் இத்தகைய கலக்கத்தைக் கண்டதுண்டு. ஒளி அலையே எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவு கட்டியது. அது துகளாகவும் செயல்படுகிறது என 1905-இல் ஐன்ஸ்டீன் வாதிட்டார். அலை பரவுவது, துகள் ஓரிடத்தில் நிற்பது. ஒன்றே இரண்டுமாவது எங்ஙனம்? ஒரு சோதனையில் அலை, வேறொன்றில் துகள். இரண்டும் ஒருசேர வெளிப்படா என்று 1927-இல் நீல்ஸ் போர் சமாதானம் கூறினார்.

ஐதராபாத் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த கிரீஷ் சரண் அகர்வால், பார்த்த கோஷ், தீபங்கர் ஹோம் ஆகிய இருவருடன் சேர்ந்து 1991-இல் ஒரு சோதனையை முன்மொழிந்தார். அதன் வித்து பழையது. 1900-இல் பாரிஸில் எவரைக் கண்டு சுவாமி விவேகானந்தர் பெருமிதம் கொண்டாரோ, அந்த ஜகதீச சந்திர போஸ் 1897-இல் மின்காந்த அலைகளைக் கொண்டு ஆராய்ந்ததே அது. இரு முப்பட்டகங்களுக்கு நடுவே இடைவெளி அகன்றிருந்தால் கதிர் முழுவதும் எதிரொளித்துத் திரும்பிவிடும். இடைவெளி மிகக் குறுகினால் ஒரு பகுதி அப்பால் தாண்டும். நாம் அறிந்த மணல் போன்ற துகளுக்கு இது இயலாது, அலைக்கே இயலும்.

ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பினால்? 1992-இல் ஜப்பானில் செய்து பார்த்தனர். ஒளி, அலையைப் போல் இடைவெளியைத் தாண்டியது. ஆயினும், திரும்பும் வழியிலும் தாண்டும் வழியிலும் வைத்த இரு கருவிகளில் ஒரு சமயம் ஒன்றே அதைப் பதிவு செய்தது, துகளைப் போல். ஒரே சோதனை, இரு இயல்பு. போர் தோற்றார் என்பதில்லை. அவ்விவாதம் அறிஞரிடையே தொடர்கிறது.

இதைக் கொண்டு, ‘விஞ்ஞானம் வேதாந்தத்தை நிரூபித்துவிட்டது’ என மேடையில் முழங்குவோர் உண்டு. அது இரண்டிற்கும் இழுக்கு. கருவியில் பதிவாவது பிரம்மமன்று; பிரம்மம் காண்பானேயன்றிக் காணப்படும் பொருளாகாது. சாதகன் கற்கத்தக்கது ஒன்றே. அலை, துகள் என்பவை கடலையும் மணலையும் கண்டு நாம் வைத்த பெயர்கள். ‘இரண்டில் ஒன்றாக இரு’ என்று அடம்பிடிப்பவை நம் சொற்களே. ஒளி அதற்குக் கட்டுப்பட்டதில்லை.

தோதாபுரியின் வழிகாட்டுதலில் நிர்விகல்ப சமாதி எய்திய பின்னரும் ஸ்ரீராமகிருஷ்ணர் கைதட்டி இறைநாமம் பாடினார். ‘ரொட்டி தட்டுகிறாயா?’ என்று கேலி செய்தார் அந்த அத்வைதி. பதினொரு மாதங்கள் கழித்து, அதே தோதாபுரி அன்னை காளியைப் பணிந்த பின்னரே தக்ஷிணேசுவரத்தை விட்டுப் புறப்பட்டார்.