மரணத்தின் கர்த்தா

பட்டுப்புழுவின் கூட்டைக் கொதிநீரிலிட்டு இழையெடுக்கையில் உள்ளிருக்கும் உயிர் மாய்கிறது என்பதனாலேயே காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பட்டுடுத்துவதைத் தவிர்க்கச் சொன்னார். அவருடைய பீடம் விளங்கிய ஊரோ பட்டுத்தறியை நம்பிப் பிழைக்கும் ஊர். அந்தக் கொலையில் கர்த்தா யார் என்பதில் ஐயமில்லை. இழையெடுப்பவனும் நெய்பவனும் உடுத்துபவளும் பாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். உடலுக்குள் உயிரணு அளவில் நிகழும் சில மரணங்களில் கர்த்தாவைக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதன்று.

1901ஆம் ஆண்டில் ஜப்பானில் இஷிவாதா என்பவர், திடீரெனத் துவண்டு மடியும் பட்டுப்புழுக்களிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதன் நஞ்சு புழுவின் குடற்சுவர் அணுக்களைத் துளைத்தே கொல்லுகிறது என்பது பின்னாளில் தெரிந்தது. (அதே கிருமியை இன்று பயிர்ப் பூச்சிகளுக்கு மருந்தாகத் தெளிக்கிறார்கள்; புழு வளர்ப்போருக்கு மட்டும் அது ஆகாது.) சீழ்க்கட்டிகளின் வாயிலாக நமக்கு அறிமுகமான ஸ்டஃபிலோகாக்கஸும் இந்தத் துளைவித்தையில் தேர்ந்ததே. 1932இல் பாண்டன், வாலன்டைன் இருவரும் விவரித்த அதன் நஞ்சு, இருவகைப் புரதங்கள் நான்கு நான்காகச் சேர்ந்து, நம் வெள்ளணுவின் சவ்வில் வளையமாக அமர்ந்து துளையாகிறது.

இதற்கு மேல் நடப்பதுதான் விசித்திரம். கிருமிகளை விழுங்கும் வெள்ளணுவினுள் பொட்டாசியம் வெளியிலுள்ளதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு இருக்கிறது. துளை வழியே அது ஒழுகத் தொடங்கியதும், அந்தக் குறைவை உணர்ந்த சில புரதங்கள் ஒன்றுகூடி, காஸ்பேஸ் என்னும் நொதியைத் தூண்ட, அது காஸ்டெர்மின் என்னும் மற்றொரு புரதத்தை நறுக்க, நறுக்குண்ட துண்டுகள் அணுவின் சவ்வை உட்புறமிருந்தே துளைக்கின்றன. காய்ச்சலை எழுப்புவதும் ஏனைய வெள்ளணுக்களை வரவழைப்பதுமான இரசாயனங்கள் அவ்வழியே வெளிப்பட, அணு உப்பி வெடிக்கிறது. முதல் துளை பகைவனுடையது. பின்னவை அணு தானே இட்டவை.

இதைத் தியாகம் என்று கொண்டாடச் சிலருக்கு ஆசை. எனக்கு உடன்பாடில்லை, மறுக்கச் சுதந்தரமுள்ளவன் மறுக்காமல் கொடுத்தாலன்றோ தியாகம்! பொருத்தமான சொல்லைக் காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட இராமாநுஜரிடம் தேடலாம். எந்தத் திரவியத்தைச் சேதனன் (அறிவுடைய ஆன்மா) தன் பிரயோஜனத்துக்காகவே நியமிக்கவும் தரிக்கவும் வல்லனோ, எது அவனுக்குச் சேஷமாயிருப்பதையே, அதாவது அவன் பொருட்டே இருப்பதையே, இயல்பாகக் கொண்டதோ, அதுவே சரீரம் என்பது ஸ்ரீபாஷ்யத்தில் அவர் வகுத்த இலக்கணம். உடலின் பொருட்டு வெடிக்கும் அணு சேஷம் என்பதற்கு ஐயமற்ற உதாரணம்.

ஆயின், நோயுற்ற உடலை ஆன்மா நியமிக்கக் காணோமே என்ற ஆட்சேபத்தையும் அவர் எடுத்துக்கொள்கிறார்: சக்தி இருக்கிறது, பிரதிபந்தத்தால், அதாவது தடையால், தோன்றவில்லை, தடையுற்ற அக்னியின் சூடு தோன்றாததைப்போல என்பது அவர் சமாதானம். நஞ்சின் விஷயத்தில் இந்தச் சமாதானம் போதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நஞ்சு இங்கே சக்தியைத் தடுக்கவில்லை. உடலை உடையவனான ஆன்மாவுக்காக அமைந்த ஏவலைத் தானே பிறப்பிக்கிறது, அணுவும் கீழ்ப்படிகிறது. ஓரிடத்துக் கட்டியில் சில ஆயிரம் அணுக்கள் இவ்வாறு மாய்ந்தால் அது காவல். இரத்தமெங்கும் கிருமி பரவிய நிலையில் இதே செயல் எங்கும் நிகழ்ந்தால், காக்கப்பட வேண்டிய உடலே வீழ்கிறது. அணுவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

குடிப்பழக்கத்தை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்னும் பழைய மாத்திரை, காஸ்டெர்மின் துளைகளை அமையவொட்டாமல் செய்து, மரணத் தறுவாய்க்குச் செல்லவிருந்த எலிகளைக் காத்ததாக 2020இல் ஆராய்ச்சியாளர் காட்டினார்கள். பாஷ்யகாரரான இராமாநுஜர் நோயின் பக்கம் வைத்த பிரதிபந்தத்தை மருத்துவர் வேண்டுமென்றே உண்டாக்கி, அணுவைச் சாகவிடாமல் உடலை உடையவனிடம் ஒப்படைக்கப் பார்க்கிறார். ஆனால் எச்சரிக்கை எழவேண்டிய முதல் நாழிகைகளிலேயே அந்த மாத்திரையைக் கொடுத்தால் உபகாரம் கிருமிக்குப் போய்ச் சேரலாம். எந்த நாழிகையில் அணுவின் மரணத்தை அனுமதிப்பது, எதில் விலக்குவது என்னும் நிர்ணயம் இப்போது மருத்துவர் தலையில் விழுந்திருக்கிறது.