தூய்மை என்று எழுதிய சீசா

சென்ற மாதம் நம் இல்லத்திற்கு வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சீசாவை எடுத்து வைத்தார். முகத்தில் பூசும் சீரம். ‘தூய்மையானது, நச்சில்லாதது, 12 வாரத்தில் சுருக்கம் மறையும்’ என்று அட்டையில் கண்டிருந்தது. “மருமகளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?” என்று கேட்டார்.

தூய்மை என்ற சொல் நமக்குப் புதிதன்று. எந்தத் தண்ணீரில் உளூச் செய்யலாம், எதில் கூடாது என்பதை நம் வீட்டுச் சிறுவனும் சொல்வான். அட்டையில் உள்ள தூய்மைக்கு அத்தகைய அளவுகோல் கிடையாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் அழகுப் பொருள்களில் ‘கிளீன்’ என்ற சொல்லுக்கு வரையறை வகுக்கவில்லை. விற்பவர் எதை விலக்கினாரோ அதுவே அழுக்கு! இதில் நச்சில்லை என்றால் பக்கத்துக் கடைச் சரக்கில் நச்சு உண்டு என்றல்லவா ஆகிறது? ஆதாரமின்றிப் பிறர் மீது பழி சுமத்துவதை வியாபாரத்தில் மட்டும் ஏன் பொறுத்துக் கொள்கிறோம்?

உள்ளிருக்கும் பிரதான சரக்கு பகுச்சியால். சீமைப் பொருளோ என்று மலைக்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போக அரிசியிலிருந்து எடுப்பதுதான். (அரிசியையே அரைத்துப் பூசிவிடாதீர்கள். அதிலுள்ள சோரலென், வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும்.) இதைப் பொய்ச் சரக்கென்று தள்ளவும் நமக்கு உரிமையில்லை. 2019-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த சோதனையில், 44 பேர் 12 வாரம் கலந்து கொண்டனர். ஒரு சாரார் 0.5 சதவீதப் பகுச்சியாலை நாள்தோறும் இருமுறையும், மறு சாரார் அதே அளவு ரெட்டினாலை ஒருமுறையும் பூசினர். சுருக்கமும் கருமையும் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே குறைந்தன. எரிச்சலும் செதில் உதிர்வும் ரெட்டினால் பூசியவர்களுக்கே அதிகம்.

குறைந்தன என்றுதான் சோதனை சொல்கிறது; மறையும் என்கிறது அட்டை. இந்தச் சீசாவில் அந்த அரை சதவீதம் உண்டா என்றால் பதிலில்லை. சேர்மானப் பட்டியலில் அதிகமானதை முதலில் எழுத வேண்டும். ஆனால் ஒரு சதவீதத்திற்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். அரை சதவீதமும் அரைத் துளியும் அங்கே அருகருகே நிற்கும். சோதனையின் நற்பெயர் மட்டும் இரவலாக வந்து அட்டையில் அமர்ந்துவிடுகிறது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தை வெளிப்படுத்திக் கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை.

“எனக்குக் குணம் தெரிகிறதே!” என்றார் அம்மையார். தெரியலாம். அதே மூன்று மாதமாக அவர் குடையின்றி வெளியே இறங்குவதில்லை என்பதையும் அவரே சொன்னார். குணம் சீசாவினாலா, குடையினாலா? பிறருக்குச் சொல்வதானால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றோம். அதுவும் ஒரு சாட்சியம்தானே.

மருமகள் அந்தச் சீரத்தைக் கேட்டாரா என்றும் விசாரித்தோம். கேட்கவில்லையாம்.