திமிங்கிலத்தின் விலையும் பெறுமதியும்

கற்பிட்டிக் குடாநாட்டின் கிழக்கே புத்தளம் களப்பும் மேற்கே திறந்த கடலும் பரந்து கிடக்கின்றன. 1667இல் அங்குக் கோட்டை எழுப்பத் தொடங்கிய ஒல்லாந்தர் அக்கடலை வணிகப் பாதையாகக் கண்டனர். மீனவர் அதனை உணவாகக் கண்டனர். 2009இல் யுத்தம் முடிவுற்றபின் மூன்றாவது பார்வையொன்று வலுப்பெற்றது. கடல் காட்சிப்பொருளாயிற்று. நவம்பர் முதல் ஏப்ரல் வரையான அமைதிப் பருவத்தில் ஓங்கில் கூட்டங்களையும் ஸ்பேர்ம் திமிங்கிலங்களையும் காண்பதற்கு உல்லாசப் பிரயாணிகள் வள்ளமேறுகின்றனர். இவ்விடத்தே ஒரு வினா எழுகின்றது. திமிங்கிலத்தைக் காக்கவேண்டியது அது பணம் ஈட்டித் தருவதனாலா?

ஆம் என்பாரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எண்ணெய்க்காகக் கொல்லப்பட்ட திமிங்கிலம் ஒரு முறையே விலைபோயிற்று. உயிருடன் நீந்துவதோ பருவந்தோறும் வருவாய் தருகின்றது. 1978இல் வேட்டையைத் தடைசெய்த தொங்கா என்னும் சிறு தீவு நாட்டுக்கு இன்று திமிங்கிலம் காணவே மக்கள் செல்கின்றனர். இந்து சமுத்திரம் 1979இல் திமிங்கிலப் புகலிடமாக்கப்பட்டது. 1982இல் தீர்மானிக்கப்பட்ட வணிக வேட்டைத் தடை 1986இல் நடைமுறைக்கு வந்தது. வறிய நாடொன்றில் அறமும் ஆதாயமும் ஒரே திசையில் செல்லுமாயின் அது நற்பேறே.

ஆயினும் அவை என்றும் ஒரே திசையிற் செல்வதில்லை. 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள், 2020இல் கொள்ளைநோய், 2022இல் பொருளாதார நெருக்கடி என மூன்று முறை இலங்கையின் உல்லாசப் பயணத்துறை நிலைகுலைந்தது. வருவாயே காரணமெனின், பிரயாணிகள் வராத ஆண்டில் திமிங்கிலத்தைக் கொல்வது குற்றமாகாது. அம்முடிவை எவரும் ஏற்கார். எனவே, அதனைக் காப்பதற்கான காரணம் விலைக்கு அப்பால் உள்ளது என்பது பெறப்படும்.

மேலும், ஆதாயமே ஊறாகவும் மாறலாம். ஆழத்தில் நெடுநேரம் மூழ்கி எழும் திமிங்கிலம் மூச்செடுக்க நீர்ப்பரப்பில் சிறிது நேரம் தங்கியாகவேண்டும். அவ்வேளையில் வள்ளங்கள் சூழ்ந்துகொண்டால் அது இளைப்பாற இயலாது. இவ்வாறான தொல்லைகளைத் தடுக்கவே 2012இல் அரசு விதிகளை வெளியிட்டது. ஆனால், தான் விலகி நின்றால் மற்றவன் நெருங்கிவிடுவான் என்றெண்ணும் வள்ளக்காரனை விதி மட்டும் தடுத்துவிடாது. எரிபொருட் செலவும் கடனும் அவனை உந்துகின்றன.

ஈண்டு இரண்டாவது அறவினா எழுகின்றது. கற்பிட்டியின் பதினான்கு தீவுகளை உள்ளடக்கித் திட்டமிடப்பட்ட உல்லாசப் பயண வலயத்தை அங்குள்ள மீனவர் எதிர்த்தனர். கரையும் துறையும் கைநழுவுமோ என்பதே அவர்தம் அச்சம். ஆதாயம் விடுதிக்கும் அடக்கம் வள்ளக்காரனுக்கும் என்று பங்கிடப்பட்டால் அதனை அறமென்று கூறமுடியாது. கட்டுப்பாட்டின் சுமையைப் பயன்பெறுவோர் அனைவரும் ஏற்பதே நீதி.

விலையுடையது வேறு, விலைக்கு அப்பாற்பட்ட மாண்புடையது வேறு என 1785இல் வெளிவந்த தம் நூலில் பிரித்துரைத்த மெய்யியலாளர் காண்ட், அம்மாண்பினைப் பகுத்தறிவுடையோர்க்கே உரியதாக்கினார். கற்பிட்டிக் கடல் அவ்வெல்லையை மீளாய்வு செய்யுமாறு கேட்கின்றது. வருவாய் திமிங்கிலத்தைக் காக்கும் கருவியாகலாம், காக்கவேண்டிய காரணமாகாது. கருவியைக் காரணமெனக் கொள்ளும் சமுதாயம், கருவி பழுதுறும் நாளில் திமிங்கிலத்தையும் இழக்கும். தன் மனச்சாட்சியையும் இழக்கும்.