சிறுத்த டாங்கியும் சிறுக்காத உண்மையும்

மாந்தன் கையால் ஆக்கும் பொருள் ஒவ்வொன்றும் அவன் உள்ளத்தின் ஒரு பகுதியைப் புறத்தே காட்டுகிறது. பானை வனைவோன் சோற்றை நினைக்கிறான். தொட்டில் கட்டுவோன் மழலையை நினைக்கிறான். அவ்வாறாயின், கொல்லுதற்கென்றே பிறந்த போர் வண்டியின் உருவைச் சிறிதாக்கி, ஆணி ஒன்றும் குறையாமல் இழைத்து, கண்ணாடிப் பேழையுள் வைத்து மகிழ்வோன் எதனை நினைக்கிறான்? கலையையா, கொலையையா? அன்றி, இரண்டையும் நினையாத வெறும் பொழுதுபோக்கா அது? இளைஞர் பலரின் மேசைமேல் இக்கைப்பணி இடம் பெற்றிருத்தலின், இவ்வினாவை ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயனுடையதாம்.

இத்தகைய மாதிரி வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் ஜப்பானின் ஷிசுவோக்கா. 1945ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்க வானூர்திகள் வீசிய தீக்குண்டுகளால் எரிந்த நகரம் அது. மறு ஆண்டே, 1946இல், அங்கே மர வாணிகமாகத் தொடங்கிய தமியா நிறுவனம் பின்னர் மரத்தாலான மாதிரிகளைச் செய்தது. 1960ஆம் ஆண்டளவில் பிளாஸ்டிக்கிற்கு மாறியது. அந்நிறுவனம் வெளியிட்ட ஜெர்மானியப் 'பேந்தர்' டாங்கியின் அளவு, உள்ளே மின்கலமும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்ற தேவையால் அமைந்தது என்பர். உண்மை வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அவ்வளவே பின்னர் உலகெங்கும் பரவிற்று. போரில் எரிந்த ஊரே போர்க்கருவியின் சிற்றுருவை உலகுக்கு வழங்கியது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இப்பணி எளிய விளையாட்டன்று. பெட்டியைத் திறந்தால், சட்டங்களில் காய் காய்த்தாற்போல நூற்றுக்கணக்கான சிற்றுறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, வெட்டுவாயை அரத்தால் தேய்த்து, இடுக்கியால் பற்றி, துளிப் பசையிட்டுப் பொருத்த வேண்டும். சக்கரங்கள் யாவும் நிலத்தில் ஒருசேரப் படிய வேண்டும். சங்கிலிப் பட்டை தன் எடையால் தொய்வது போலத் தொய்ய வேண்டும். கவசத் தகட்டின் தறையாணி ஒன்று தேய்க்கையில் மழுங்கினாலும் வல்லார் பொறார். பழைய ஒளிப்படங்களைப் பார்த்து மீண்டும் அமைப்பர். இதன் பின்னரே வண்ணம். அடிவண்ணம் உலர்ந்தபின் இடுக்குகளில் கருமை படிய விடுவர். விளிம்புகளில் இரும்பின் நிறம் வெளிப்படச் செய்வர். அடிப்பகுதியில் துருவும் சேறும் தீட்டுவர். வாரங்கள் பல கழியும். பொறுமையும், கூர்ந்த நோக்கும், பிழையைத் திருத்திக்கொள்ளும் பணிவும் இங்கே வளர்கின்றன என்பதை யார் மறுப்பர்?

எனினும், பொறுமையை வளர்க்கும் தொழிலெல்லாம் அறமாகிவிடுமோ என்று கேட்பாரும் உளர். படைக்கருவியை அழகிய பொருளாகக் கண்டு பழகும் கண், அதன் கொடுமையைக் காணும் ஆற்றலை இழந்துவிடும் என்பது அவர் கருத்து. மறுசாராரோ, பிளாஸ்டிக் வண்டி எவரையும் கொன்றதில்லை, உருவைச் செய்வது செயலைச் செய்வதாகாது என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் முழுமையுடையன அல்ல. முன்னவர் கூற்றை அப்படியே ஏற்றால், போரைப் பாடிய புறநானூற்றையும் ஒதுக்க நேரும். கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே படைச்செருக்குக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் அன்றோ? பின்னவர் கூற்றை ஏற்றாலோ, உருவம் உள்ளத்தைத் தொடுவதே இல்லை என்றாகும். அவ்வாறாயின் சிற்பமும் ஓவியமும் எதற்கு?

புறநானூற்றின் 95ஆம் பாட்டு ஈண்டு நினைவுகூரத் தக்கது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் அணி செய்யப்பெற்றுக் காவல்மிக்க மனையில் பளபளப்பதையும், தம் தலைவனின் வேல்கள் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பேசினார். புகழ்வதுபோல இகழ்ந்த நயம் அது. பொலிவுள்ள கருவி போரை அறியாதது. முறிந்த கருவியே அறிந்தது. மாதிரி வண்டி செய்வோனோ போரே காணாத பொருளுக்குப் போர்க்களத்துத் துருவைத் தீட்டுகிறான். மயிற்பீலி சூட்டுவது ஒப்பனை என்றால், சேறு பூசுவதும் ஒப்பனையே. அச்சேற்றில் வீழ்ந்தவர் யாவர் என்பதை அவன் அறிவானா? சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'சி-ஹா' எனப்படும் ஜப்பானியரின் 97ஆம் வகை டாங்கியும் மாதிரியாகக் கிடைக்கிறது. உண்மை வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமும் 15 டன் எடையும் உடையது, நால்வர் ஏறுவர். மாதிரியோ 16 சென்டிமீட்டருக்குள் அடங்கும். 175 சென்டிமீட்டர் உயரமுள்ள மாந்தன் அதனருகே 5 சென்டிமீட்டர் பொம்மையாவான். இவ்வகை டாங்கிகள் முன்செல்லவே, 1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் ஜப்பானியப் படை பேராக்கில் துரோலாக் அருகே பிரிட்டிஷ் அணிகளை உடைத்துச் சிலிம் ரிவர் வரை பாய்ந்தது. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கியும் இல்லை. 11ஆம் இந்தியப் படைப்பிரிவு அன்று சிதைந்தது. பஞ்சாபியரும் கூர்க்கரும் ஸ்காட்லாந்தியரும் மாண்டனர். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் வந்த ஆட்சியில் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் மீளவே இல்லை. வண்டியை முப்பத்தைந்து பங்கு சுருக்கலாம். இத்துயரைச் சுருக்க எந்த அளவுகோலும் இல்லை.

ஆயினும் பெட்டியின் மேலுள்ள ஓவியத்தில் இவை எவையும் இரா. தமியாவின் பெட்டிகளில் பெரும்பாலும் வெண்மையான பின்புலத்தில் வண்டி மட்டுமே நிற்கும். சாலையும் இல்லை, சாலையில் கிடந்தோரும் இல்லை. அவ்வெண்மையை நிரப்ப வேண்டிய பொறுப்பு யாருடையது?

உள்ளத்தின் நேர்மையை உண்மை என்றும், வாயின் நேர்மையை வாய்மை என்றும், மெய்யின் நேர்மையை மெய்மை என்றும் தமிழறிஞர் பிரித்துரைப்பர். தறையாணிகளைப் பிழையற அமைத்தவன் மெய்மையை எய்திவிட்டான். அவன் கை பொய் சொல்லவில்லை. அக்கருவி யாரிடம் இருந்தது, யார்மேல் ஏவப்பட்டது என்று கேட்போர்க்கு ஒளியாது கூறுதல் வாய்மை. அதனால் அழிந்தோரைத் தன் நெஞ்சில் மறவாதிருத்தல் உண்மை. மூன்றும் கூடினால்தான் பணி நிறைவு பெறும்.

ஒரு பொழுதுபோக்கின்மேல் இத்துணைச் சுமையை ஏற்றலாமா என்று சிலர் வினவலாம். இச்சுமையைப் பிறர் ஏற்றவில்லை, அவனே ஏற்றுக்கொண்டான். கற்பனை வண்டி ஒன்றைச் செய்பவனுக்கு இக்கடன் இல்லை. 'இது இவ்வாறே இருந்தது' என்று காட்ட விழைபவனோ வரலாற்றுக்குச் சான்று கூறுகிறான். சான்று கூற வந்தவன் பாதியைச் சொல்லிப் பாதியை விடுதல் முறையாகாது. சேற்றின் நிறம் பிழையாகுமோ என்று அஞ்சுபவன், அச்சேறு எந்நாட்டு மண் என்று கேளாதிருப்பது அவன் தொழிலுக்கே முரண்.

ஆகவே, இக்கைப்பணியை விலக்க வேண்டுவதில்லை. வெறும் விளையாட்டெனக் கைவிடவும் வேண்டுவதில்லை. மாணவன் தான் செய்த வண்டியைக் கொணர்ந்து காட்டும்போது ஆசிரியர் முதலில் அவ்வேலையின் நுட்பத்தை மனமாரப் பாராட்டுதல் வேண்டும். பின்னர், 'தம்பி, இவ்வண்டி எந்தச் சாலையில் சென்றது? எதிரில் நின்றோர் யாவர்?' என்று கேட்டல் வேண்டும். விடை தேடி அவன் வரலாற்று நூலைப் புரட்டுவான். வீட்டில் முதியோர் வழிவழியாகக் கூறிவந்த செய்திகளையும் கேட்டறிவான். ஆணியை எண்ணக் கற்ற கண், ஆளையும் எண்ணக் கற்கும். அக்கல்வியே அவன் செய்த வண்டிக்கு ஏற்ற பீடமாகும்.